தோற்ற நாடு

மூன்றாவது மாடி. மழை. இரவு பத்தே முக்கால்.
கைப்பையைப் படியில் கவிழ்த்தாயிற்று:
ரயில் பாஸ், பாதி தின்ற சிக்கி,
மூடி தொலைந்த பேனா, யாருடையதோ ஒரு ஹேர்கிளிப்.
அது மட்டும் இல்லை.

எதிர்க்கதவு நாலு விரற்கடை திறந்தது.
மந்தாகினி சுர்வே. பின்னால் குக்கர் ஆவி.
திலக் நகருக்கு வந்த இந்த மூன்று வாரத்தில்
அவர் சொன்ன எதுவும் எனக்குப் புரிந்ததில்லை.
நான் சிரித்ததெல்லாம் குத்துமதிப்பு.
இன்றைக்குப் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"சாவி?" என்றார்.

சாவிதான்.
தூத்துக்குடியில் என் தம்பி
பைக்கிலேயே விட்டுவிட்டு வந்து
திட்டு வாங்குகிற அதே சாவி.

எனக்கு வேலை பல்லார்டு பியரில், கப்பல் ஏஜென்ட் ஆபீசில்.
ஒரு நாளைக்கு நூற்றைம்பது படிவம்.
ஒவ்வொன்றிலும் 'தோற்ற நாடு' என்று ஒரு கட்டம்.
குடையென்றால் சீனா. பேரீச்சையென்றால் ஈராக்.
கட்டம் காலியாய் இருந்தால் சரக்கு நகராது.
கை சும்மா இருக்கவில்லை,
ஈரப் படியில் உட்கார்ந்து மனசுக்குள் நிரப்பினேன்:

பூட்டு: அலிகர்.
சாவி: போர்ச்சுகல்.

ஆமாம், கப்பலில் வந்ததுதான்.
அலமாரியோடு, மேசையோடு, ஜன்னலோடு.
'சாவெ' என்றோ என்னவோ சொல்லிக்கொண்டு இறங்கியவனின்
இடுப்பு இரும்புக்கொத்து
இந்தத் தீவுகளிலும் குலுங்கியது, எங்கள் கரையிலும்.
கிட்டங்கி எங்கள் மண்ணில்,
முத்து எங்கள் கடலில்,
சாவி அவனிடம்.
கையில் வைத்திருந்தவன் சொன்னதே பேராயிற்று.

அதற்கு முன்னால் பூட்டாமலா இருந்தோம்?
பூட்டு நம்முடையது. தாழ்ப்பாள் நம்முடையது.
திறவுகோலும் இருந்தது.
இன்னும் இருக்கிறது, பாவம்,
பள்ளி ஆண்டு விழாக்களில் 'வெற்றியின் திறவுகோல்' ஆக.
ஒரு கதவைத் திறந்து எத்தனை காலமோ.

(கதிரில் மணி பிடிக்காமல் போனாலும் சாவி என்போம்.
அது வேறு சாவி. அதற்கு எந்தக் கப்பலும் வரவில்லை.)

மந்தாகினி போன் போட, ஜக்தார் சிங் வந்தார்,
தலைப்பாகை மேல் பிளாஸ்டிக் உறை.
அவருக்கு அது 'சாபி'.
அதுவும் அதே கப்பல்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
வெட்டுப்படாத மொட்டைச் சாவி ஒன்றை
உள்ளே விட்டு முறுக்கினார், உருவினார்,
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பித்தளையில் மயிரிழைக் கீறல்.
எங்கே இடிக்கிறதென்று பூட்டே எழுதிக் கொடுக்கிறது.
அந்த இடத்தில் அரம், இரண்டே இழுப்பு.
மறுபடி உள்ளே.
மறுபடி வெளிச்சம்.

இப்படித்தான் வார்த்தையையும் ராவியிருப்பார்கள்.
வாய்க்குள் விட்டு, முறுக்கி,
இடித்த எழுத்தைத் தேய்த்து,
வால்பக்கம் ஓர் இகரம் வெட்டி.
ஆனால் எங்கள் கரையிலும் இந்தக் கரையிலும்
ஒருவரையொருவர் பார்த்திராத வாய்களில்
ஒரே பல் எப்படி விழுந்தது?
ஜக்தார் சிங்கிடம் கேட்க எனக்கு இந்தி போதாது.

நாற்பது நிமிடம் ஆயிற்று.
இடையில் மந்தாகினி தட்டில் ஏதோ கொண்டு வந்தார்.
"பட்டாட்டா," என்றார்.
உருளைக்கிழங்கு.
சூடாய் இருந்தது. கட்டத்தை நிரப்பாமல் தின்றேன்.

க்ளிக்.
நானூறு ரூபாய். மழைக்கென்று ஐம்பது கூட.
போகும்போது ஒன்று சொன்னார், சைகையோடு:
இந்த ரகப் பூட்டுக்கு
அவர் கொத்திலிருக்கும் ஏழெட்டுச் சாவி சேருமாம்.
பிறகெதற்கு நாற்பது நிமிடம் என்று
கேட்கத் தோன்றியபோது ஆள் தெருமுனை தாண்டியிருந்தார்.

தொலைந்தது மறுநாள் கிடைத்தது,
சீனக் குடையின் மடிப்பில்.
ஆக இரண்டு.
ஒன்றை எதிர்வீட்டில் கொடுத்தேன்.
காஸ் புத்தகத்துக்குப் பக்கத்தில்
ஓர் ஆணியில் மாட்டினார் மந்தாகினி.

ஆணிக்கு மராத்தியில் என்னவென்று
இன்னும் கேட்கவில்லை.